இருகூரிலிருந்து ஈரோடு வரை

மகளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல ஆறு வரி. சுகமாக இருக்கிறாய், நாமக்கல்லில் மழை இல்லை, அறையில் மூட்டைப்பூச்சி குறையவில்லை. கடைசி இரண்டு வரியில்தான் புதிதாக ஒன்று இருந்தது. உன் ஆபீஸ் ஹெட்கிளார்க் பதினோரு மணிக்கு உன் மேஜையோரம் வந்து நின்றால் சாப்பாட்டு நேரம் வரை பேசுகிறார், டைப் அடிக்க வேண்டியது அப்படியே கிடக்கிறது, தாமதத்துக்குத் திட்டு வாங்குவதும் நீதான். “மில்லில் இத்தனை வருஷம் இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். சாவி எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்பவற்றைத் தள்ளிவிட்டால் ஆறு வருஷம். அதனால் இதற்கு ஆறு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உன்னோடு அறையில் இருக்கும் பெண்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அவர்களும் ஏதோ ஓர் ஆபீசில் யாரோ ஒருவர் பேசி முடிப்பதற்காகக் காத்து நிற்கிறவர்கள்தானே.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தலையாட்டாதே. நாம் மரியாதைக்குத் தலையாட்டுகிறோம், அவர்கள் அதை “மேலே சொல்லுங்கள்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வரும்போது கையை மிஷினிலிருந்து எடுக்காதே. எடுத்துவிட்டால் உனக்கு வேலையில்லை என்று ஆகிவிடும். மூச்சு வாங்க அவர் ஒரு நொடி நிற்பார் இல்லையா, அந்த நொடியில் எழுந்து நில். உட்கார்ந்திருக்கிறவளிடம் பேசுவது சுகம், நிற்கிறவளிடம் பேசுவது கஷ்டம். நின்றபடி, இதை இன்று அனுப்பியாக வேண்டும் சார் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல். சிரிக்காதே. சிரித்தால் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைப்பார். இவ்வளவுதான். இது பலிக்கும். எனக்குப் பலித்தது. ஆனால் எப்படிப் பலித்தது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இதை மட்டும் உன் கையில் கொடுத்தால் நான் யோக்கியமானவள் இல்லை.

நீ மில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உன் அப்பா காமாலையில் போன மறுவருஷம் எனக்கு அங்கே டெலிபோன் ரூமில் வேலை கிடைத்தது. கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ்தான் தகுதி. மர போர்டு ஒன்று, அதில் வரிசையாக நம்பர்கள், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்னத் தகட்டு மூடி. மில்லுக்குள் யாராவது தங்கள் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் அவர்கள் நம்பரின் மூடி டக்கென்று கீழே விழும். நான் கார்டை, அதாவது இணைப்பு ஒயரை, அந்த நம்பரில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு இணைப்புக் கொடுக்க வேண்டும். மூடி விழும்போது ஒரு மணியும் அடிக்கும்படிதான் போர்டைச் செய்திருந்தார்கள். அந்த மணியின் ஒயரை மானேஜர் கழற்றச் சொல்லிவிட்டார். அவர் பேசும்போது அது இடைஞ்சலாக இருந்ததாம். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மானேஜர் எங்கள் அறைக்கு வருவதற்குக் காரணம் ஃபேன். முதலாளி அறையை விட்டால் மில்லில் எங்கள் அறையில்தான் ஃபேன் இருந்தது. பத்தரை மணிக்கு வருவார், நாற்காலியை அதன் அடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஊரெல்லாம் மேடையும் மைக் செட்டுமாக இருந்த காலம் அது. ராத்திரி கூட்டத்தில் கேட்டதை மறுநாள் ஆளாளுக்குப் பேசிப் பார்ப்பார்கள். மானேஜருக்கு மேடை கிடைக்கவில்லை, நாங்கள் கிடைத்தோம். அவருக்கு என்று ஒரு கதை உண்டு. சின்ன வயதில் போத்தனூரில் ரயிலேறிச் சேலம் வரும்போது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் எதிரே உட்கார்ந்திருந்தாராம். அவரிடம் இவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டுச் சேலம் வந்து இறங்குவதற்குள் வேலை கொடுத்துவிட்டாராம். அந்தக் கதையை ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்வார். இருகூரில் துரை என்ன கேட்டார், சோமனூரில் இவர் என்ன சொன்னார், திருப்பூரில் யார் காபி வாங்கிக் கொடுத்தது. இதே மனிதர் முதலாளி எதிரில் நின்றால் இரண்டு வார்த்தை பேசமாட்டார். “சரிங்க”, “ஆச்சுங்க”. அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சை அடக்கத் தெரியாது என்று நினைக்காதே. நன்றாகத் தெரியும். எழுந்து போக முடியாத ஆள் யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறக்கிறார்கள்.

என்னோடு போர்டில் இருந்தவள் சரசு. திருச்செங்கோட்டுப் பக்கம், என்னைவிடப் பத்து வயது சின்னவள், பயமே கிடையாது. ஒருநாள் மானேஜர் கதை ஊத்துக்குளி ஸ்டேஷனில் இருந்தபோது டக்கென்று ஒரு மூடி விழுந்தது. “ஸ்டோர்ஸுங்க சார், ஒரு நிமிசம்” என்று சரசு கார்டைச் செருகி, “ஆமாங்க, சொல்லுங்க, எத்தன பேல் பஞ்சுங்க?” என்று பேச ஆரம்பித்தாள். மானேஜர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் இவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

“ஸ்டோர்ஸ்ல யாருடி இவ்வளவு நேரம்?” என்றேன்.

“யாருமில்லீங்க அக்கா. ஈரோடு வந்துட்டா அப்பறம் சேலம் வரைக்கும் எறங்க மாட்டாருங்களே. அதான் சங்கிலியப் புடிச்சு இழுத்துட்டேன்” என்று தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசியைக் காட்டினாள். அந்த ஊசியால் மூடியை ஓரத்தில் நெம்பினால் போதும், விழுந்துவிடும்.

அன்று சிரித்ததுபோல நான் அந்த மில்லில் சிரித்ததில்லை. பிறகு ஐந்தாறு மாதம் அதுதான் எங்கள் வழி. சரசு நெம்புவாள், சில நாள் நானும் நெம்பினேன். அதை மறைக்கவில்லை. என்றைக்காவது மாட்டுவோம் என்று இருவருக்கும் தெரியும். மாட்டினோம். ஸ்டோர்ஸ் ஆள் அறைவாசலில் வவுச்சரோடு நிற்கும்போதே சரசு “ஸ்டோர்ஸுங்க சார்” என்றுவிட்டாள். மானேஜர் வாசலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பத்தரைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலிலிருந்து தொடங்கினார். கதை இருகூரில் இருக்கும்போது ஏழாம் நம்பர் மூடி விழுந்தது. ஏழு என்றால் பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷின்கள் ஓடுகிற கார்டிங். சரசு அப்போது அறை மூலையில் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள், அவளுடைய இரண்டு கையும் எனக்குத் தெரிந்தன. என் கை கார்டுக்கு அரை முழ தூரத்தில் இருந்தது. மானேஜர் உள்ளங்கையைக் காட்டி என்னைத் தடுத்தார். “விழட்டும். இன்னிக்கு நான் பேசி முடிச்சப்பறம்தான் எந்த மூடியையும் எடுக்கோணும்” என்றார். “சார், இது நெசமாவே” என்றேன். “நேத்தும் நெசந்தானே?” என்றார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சோமனூர் போயிற்று. திருப்பூரில் காபி குடித்தார்கள். நான் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை மீறிக் கார்டைச் செருகியிருக்கலாம். செருகினால் என்ன செய்திருப்பார், வேலையை விட்டுத் துரத்தியிருப்பார். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். அதை நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கே போகக்கூடாது என்று பழகிய உடம்பு, அப்படியே உட்கார்ந்திருந்தது. ஈரோட்டில் ரயில் நின்றபோது கார்டிங் மேஸ்திரி வேட்டியெல்லாம் ரத்தமாக ஓடிவந்து வாசலில் நின்றார்.

“எத்தன வாட்டிதான் சுத்தறதுங்க அம்மிணி? ராமசாமி கை உள்ள போயிருச்சுங்க. காரச் சொல்லுங்க, சீக்கிரம்.”

மில் காரை வரவழைக்க ஷெட்டுக்கு என் போர்டு வழியாகத்தான் சொல்ல முடியும். சொன்னேன். கொண்டுபோனார்கள். ராமசாமிக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. சீக்கிரம் வந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. கொஞ்ச நாள் ராமசாமியைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். நான் வரும்போதும் போகும்போதும் இடது கையால் கும்பிடுவதுபோல் நெற்றியைத் தொடுவார். பிறகு அந்த வேலையும் இல்லை என்றார்கள். மாதா கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே, “அது எந்திரத்தின் குற்றம், உன் பாவமல்ல” என்று சொல்லி, ஐந்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். மானேஜர் வழக்கம்போல இரண்டே வார்த்தை பேசினார். “டெலிபோன் ரூமுங்க. வெளையாட்டுத்தனம்.” அடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மணியின் ஒயரைக் கழற்றியதிலிருந்து தொடங்க வேண்டும், அப்போதுதான் ஊசி ஏன் வந்தது என்று புரியும், அது புரிந்தால்தான் அன்று மூடி தானாக விழுந்தது என்பதை நம்புவார்கள். “மொதல்ல அந்தப் போர்டுல ஒரு மணி இருந்துதுங்க” என்று ஆரம்பித்தேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

“சுருக்கமாச் சொல்லும்மா. சரசு மூடியத் தள்ளி ஏமாத்துனது உண்டா, இல்லையா?”

“அன்னிக்கு இல்லீங்க. அதுக்கு முந்தி—”

“உண்டா, இல்லையா?”

“உண்டுங்க” என்றேன். அது பொய் இல்லை. சரசுவை அன்றைக்கே நிறுத்தினார்கள். நானும் நெம்பியிருக்கிறேன் என்பதை அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும்போது சரசு என் பக்கத்தில் வந்து நின்றாள். “நீங்க பொய் சொல்லலீங்க அக்கா. அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது” என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். கல்யாணமாகிவிட்டது என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர்.

நான் அதன்பின் மாறினேன். மறுபடி மணியை மாட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மாட்டினார்கள். மானேஜர் வந்தபோது நான் எழுந்து நின்றேன். “என்ன விஷயம் சொல்லுங்க சார்” என்றேன். இரண்டு மூன்று நாள் வந்து பார்த்தார், பிறகு ஃபேன் இல்லாத ஸ்டோர்ஸுக்குப் போய்விட்டார், அங்கே இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் எனக்கு ஒரே பேச்சுதான். சுருக்கமாச் சொல்லுங்க. விஷயத்துக்கு வாங்க. போன் ரூம் அம்மிணிகிட்ட வளவளன்னு பேச முடியாது என்று மில்லில் பேர் வந்தது. அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. முதலாளி என்னிடம் சொன்ன வார்த்தையைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் அதை எனக்கு மேலே உட்கார்ந்து சொன்னார். நான் அதை யாருக்கு மேலே உட்கார்ந்து சொன்னேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ கன்னியர் பள்ளியில் பதினோராவது முடிக்கப் போகிற வருஷம். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் அன்றைக்குக் கேட்ட குரல்களெல்லாம் இரைந்துகொண்டிருந்தன. நீ வந்து எதிரே உட்கார்ந்தாய்.

“அம்மா, இன்னிக்கு ஜெபம் முடிஞ்சு வரிசையில நிக்கும்போது மதர் என்னை மட்டும் கூப்பிட்டாங்க. நான் பயந்துட்டேன். போன வாரம் கண்ணாடி உடைஞ்சுதில்ல, அதுக்கோன்னு நெனச்சேன். ஆனா அவங்க—”

“விஷயத்தச் சொல்லு.”

“சொல்றேம்மா. ரூமுக்குள்ள போனதும் உக்காருன்னாங்க. மதர் யாரையும் உக்காரச் சொல்லமாட்டாங்க—”

“சுருக்கமாச் சொல்லு. உலை கொதிக்குது.”

நீ முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாய். “ஒண்ணுமில்லம்மா. ரிப்பன் வேணும்” என்றாய். மறுநாள் நீல ரிப்பன் ஒரு கஜம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த விஷயம் என்ன என்று இரண்டு வருஷம் கழித்து, நீ டைப்பிங் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அந்த மதரே சொன்னார். திருச்சியில் கல்லூரியில் இடம், தங்கவும் இடம், எல்லாம் அவரே ஏற்பாடு செய்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் அம்மா வந்து சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “உங்களுக்கு விருப்பமில்லை என்று அவள் சொன்னாளே. ஏன் வேண்டாமென்று விட்டீர்கள்?” என்று மதர் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் கேட்கவில்லை. நாலு வருஷமாகக் கேட்கவில்லை. பயமாக இருந்தது. நீ சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்குப் பேச ஒன்றும் இருக்காது.

நன்றாகப் பார். நீ அந்த ஆபீசில் உட்கார்ந்து அந்த மனிதரின் பேச்சைக் கேட்டுத் தலைவலியோடு அறைக்குத் திரும்புவதற்கு வழி செய்தவள் நான். என்னிடமே வந்து அதை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறாய்.

அதனால் மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள். நீளமாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஜாதி இல்லை. உன் ஹெட்கிளார்க் நீளமாகப் பேசுவது, அவரை நிறுத்த உன்னால் முடியாது என்பதால். அவரை நிறுத்து, பாவம் பார்க்காதே. ஆனால் உன் மேஜைக்கு மனுவோடு ஒரு விவசாயி வருவார், பக்கத்து ஊர்க் கைம்பெண் ஒருத்தி வருவாள். அவர்கள் மாடு கன்று போட்டதிலிருந்து தொடங்குவார்கள். அது வேறு. நேரே விஷயத்தைச் சொன்னால் நீ எரிந்து விழுவாயோ என்று தூரத்திலிருந்தே உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கிட்டே வருகிறார்கள். அப்போது கடிகாரத்தைப் பார்க்காதே. மேலே இருக்கிறவன் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்புவார்கள். கீழே இருக்கிறவன் தன் நியாயத்தைச் சொல்ல நீளம் வேண்டும். அந்த நீளத்தைத்தான் அவனிடமிருந்து முதலில் பிடுங்குகிறார்கள். நான் பிடுங்கக் கொடுத்தவள், பிறகு உன்னிடமிருந்து பிடுங்கினவள்.

இப்போது வீட்டில் சத்தம் இல்லை. பகலெல்லாம் போர்டில் குரல்கள், எதுவும் எனக்கானது இல்லை, ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்த்துவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது. போன மாதம் சர்க்கரைக்கு வரிசையில் நின்றபோது, கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். நான் சர்க்கரை வாங்கிய பிறகும் போகாமல் நின்று முழுவதும் கேட்டேன். “உங்களுக்கு நேரமாகலீங்களா?” என்று அவளே கேட்டுவிட்டாள். இல்லை என்றேன்.

வருகிற சனிக்கிழமை பகல் பஸ்ஸில் நாமக்கல் வருவதாக இருக்கிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் காய்ச்சலுக்குத் தவிர நான் லீவு கேட்டதில்லை, மில்லில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மகளோடு பேசப் போகிறேன் என்றேன், சிரித்தார்கள். நீ மதர் கூப்பிட்ட நாளிலிருந்து தொடங்கினாலும் சரி, மூட்டைப்பூச்சியிலிருந்து தொடங்கினாலும் சரி. என்மேல் உனக்குக் கோபம் இருந்தால், இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அதை நடுவில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லையென்றால் அதையும் எழுது. ஆனால் வர வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதாதே. ஏன் வேண்டாம் என்பதை எத்தனை பக்கமானாலும் எழுது. உட்கார்ந்து படிக்கிறேன்.

அம்மா